கொற்றி உள்ளே உட்கார்ந்துவிட்டாள்

ஊசி போட்ட கையோடு நர்சம்மா சொல்லிவிட்டார், அரை மணி நேரத்துக்கு ஒருத்தரும் இடத்தை விட்டு அசையக் கூடாது, தடிப்போ மூச்சிரைப்போ வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன் என்று. சண்முகக்கனி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பதினொன்று நாற்பது, பிறகு மடியைப் பார்த்தாள். பிள்ளை இரண்டு தொடையிலும் பஞ்சு ஒட்டியிருக்க, தேம்பித் தேம்பி, ஒரு தேம்பலுக்கும் அடுத்த தேம்பலுக்கும் நடுவிலேயே தூங்கிப்போயிருந்தாள். மூன்றரை மாதம். இது மூன்றாவது தவணை, இதற்குக் கட்டாயம் காய்ச்சல் வரும் என்று தெருவில் நாலு பேர் சொல்லியாயிற்று, காய்ச்சல் மருந்தும் வாங்கிக் கூடையில் வைத்தாயிற்று, காய்ச்சலைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். பன்னிரண்டு மணிக்கு ஜெபா கூப்பிடுவாள், அதை நினைக்கலாம். ஜெபா, அதாவது ஜெபராணி, ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் கூட உட்கார்ந்தவள், இப்போது ஓசூர் பக்கம் செல்போன் செய்யும் கம்பெனியில் வேலை, விடுதியில் எட்டுப் பேருக்கு ஓர் அறை. செல்போன் செய்யும் இடத்துக்குள் செல்போனைக் கொண்டுபோகக் கூடாதாம், பெட்டியில் பூட்டிவிட்டுப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே விட்டால்தான் எடுக்க முடியும். எடுத்ததும் கனியைத்தான் கூப்பிடுவாள். கூப்பிட்டு, சரிதானா, அனுப்பிரட்டுமா என்று கேட்பாள். சரி என்று சொல்லிவிட்டால் ஜெபா எழுதியிருக்கும் வாசகர் கடிதம் போய்விடும், போய்ப் புத்தகத்தில் அச்சாகிவிடும், அச்சானதை அழிரப்பர் வைத்து அழிக்க முடியாது. சரியில்லை என்று சொன்னால், ஏன் என்று கேட்பாள். அந்த ஏன்-க்குப் பதில் சொல்லப் போனால் முதலில் தான் ஒரு பொய்க்காரி என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஜெபாவிடம் இந்தப் பதிமூன்று வருஷத்தில் சொன்ன முதல் பொய். அதுவும் எதற்கு, ஒரு கதைப் புத்தகத்துக்கு. கனிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் எரிச்சலாகிவிட்டது, எரிச்சல் யார் மேல் என்று தேடினால் கொற்றி மேல்தான் போய் நின்றது.

கொற்றி உப்புமலைக் கதையின் நாயகி. உப்புமலை என்பது ஒரு புத்தக வரிசை, ஏழு பாகம் வரும் என்று எழுதியவர் சொல்லியிருக்கிறார், இதுவரை ஐந்து வந்திருக்கிறது. கடல் வற்றிப்போன ஒரு தேசம், நடுவில் உப்பாலேயே ஆன ஒரு மலை, மலையைச் சுற்றி ஏழு கோட்டை, கோட்டைக்குக் கோட்டை பகை. உப்பளத்தில் பிறந்த கொற்றி, குதிரை உயரத்துக்கு இருக்கும் ஓர் உடும்பின் மேல் ஏறி எந்தச் சுவரையும் தாண்டிவிடுவாள். சுவர் என்று ஒன்று இருந்தால் கொற்றி அதற்கு அந்தப் பக்கம் இருப்பாள், அவ்வளவுதான் கதை, கனிக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. முதல் பாகம் ஜெபாவுக்குப் பேச்சுப் போட்டியில் பரிசாக வந்தது. ஒரு புத்தகம், இரண்டு பேர், ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துப் படித்தார்கள். படித்து முடித்ததும் நோட்டுக்கு ஒட்டுகிற லேபிளில், பெயர், வகுப்பு, பாடம் என்று அச்சடித்திருக்கும் கோடுகளைக் கண்டுகொள்ளாமல், புத்தகம் எப்படி என்று ஆளுக்கொன்று எழுதி, மடித்து, மடிப்பின் மேல் ஸ்டிக்கர் பொட்டை வைத்து அழுத்தி, பின்னட்டைக்குள் செருகிவிடுவார்கள். ஒருத்தி எழுதியதை மற்றவள் தன்னுடையதை எழுதி முடிக்காமல் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை, கேட்டு எழுதினது ஆகிவிடும் என்று ஜெபா சட்டம் போட்டாள். நாலு பாகத்துக்கும் சட்டம் நின்றது. மூன்றாம் பாகத்தில் ஒரு கோட்டையின் ராஜா சாகிறார், அதற்கு ஜெபா, ராஜா செத்தது நல்லது, இல்லாட்டி நானே கொன்னுருப்பேன் என்று எழுதியிருந்தாள், கனி, ராஜாவைக் கொன்றது அநியாயம், இனி யாருக்காகப் படிக்க என்று எழுதியிருந்தாள், இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது, மூன்றாம் நாள் சத்துணவு வரிசையில் ஜெபா தன் முட்டையை எடுத்துக் கனியின் தட்டில் வைத்து, ராஜாவுக்குப் படையல் என்றாள். சிரித்த சிரிப்பில் கனிக்குப் புரையேறிவிட்டது. அப்போது மாற்றிச் சொன்னால் ஒன்றும் ஆகவில்லை. மாற்றிச் சொல்வதற்காகத்தானே அந்த லேபிள். அப்படியிருக்க இந்த ஐந்தாம் பாகத்துக்கு மட்டும் ஏன் வாய் வரவில்லை, ஏன் நகம் போய் அந்தப் பொட்டைக் கிளப்பியது.

பிள்ளையின் மூக்கருகே விரலை நீட்டிப் பார்த்தாள். சூடாக, லேசாக, வந்துகொண்டுதான் இருந்தது. விரலை எடுத்ததுமே கோபம் வந்தது, ஏனென்றால் இதுதான், இதேதான், எண்பத்தெட்டாம் பக்கம். கொற்றி தன் மகளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறாள், மூச்சு வருகிறது, எடுக்கிறாள், திரும்ப வைக்கிறாள். அதை இரண்டரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். வாட்ஸப்பில் உப்புமலை வாசகர் குழு என்று ஒன்று உண்டு, நூற்று நாற்பது பேர், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடாத ஆள் கிடையாது, கீழே கும்பிடுகிற கை, அழுகிற முகம், பூங்கொத்து. நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை வைக்கிறேன், எனக்கு யார் பூங்கொத்து நீட்டினார்கள் என்று கனி நினைத்தாள், நினைத்ததும் வெட்கமாகவும் இருந்தது, பூங்கொத்துக்கா நான் கோபப்படுகிறேன், இல்லை, அது இல்லை, எது என்று பிடிக்கப் போனால் வழுக்குகிறது. நான் கொற்றியிடம் போனது விரல் வைத்துப் பார்க்கவா. விரல் வைத்துப் பார்க்க எனக்கு வீடு இருக்கிறது, மடி இருக்கிறது, பாய் இருக்கிறது. கொற்றிக்குத்தான் உடும்பு இருந்தது. பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது ஐந்தாம் பாகம் வரப் போகிறது என்று கேள்விப்பட்டு, பிள்ளை வயிற்றில் உதைக்க உதைக்க நாலாம் பாகத்தை மறுபடி படித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள், வரட்டும், பிள்ளையும் வரட்டும் புத்தகமும் வரட்டும், பிள்ளை தூங்குகிற நேரமெல்லாம் நான் சுவர் ஏறிக்கொள்வேன் என்று. வந்தது. ஜெபா விடுதியில் முதலில் படித்து, அவளுடன் வேலை பார்க்கும் ஒருத்தி ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டாள். பால் கொடுத்துக்கொண்டே இடது கையில் விரித்தால், கொற்றிக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, ஓர் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். சரி, ஓர் அத்தியாயம் இருப்பாள், எழுந்துவிடுவாள் என்று கனி பக்கத்தைத் திருப்பினாள். எழவில்லை. வெளியே ஏழு கோட்டையும் சண்டை போடுகிறது, சத்தம் சுவர் வழியாகக் கேட்கிறது, கொற்றி துணியை நனைக்கிறாள், பிழிகிறாள், நெற்றியில் போடுகிறாள். உடும்பை முற்றத்தில் கட்டிப்போட்டிருக்கிறது. நூற்று இருபதாம் பக்கத்தில் அது ஒரே ஒரு தடவை நாக்கை நீட்டியது. அவ்வளவுதான் ஐந்தாம் பாகத்துக்கு உடும்பு. போடி போ என்று கனி வாய்விட்டே சொன்னாள் அன்றைக்கு, மாமியார் அடுக்களையிலிருந்து, யாரைப் போகச் சொல்லுதே என்று கேட்டார், ஒன்றுமில்லை அத்தை, காக்கா என்றாள்.

"என்ன பிள்ள, கடியாரத்தையே முறைச்சிக்கிட்டு இருக்கே. முறைச்சா ஓடிருமா" என்றாள் பக்கத்தில் இருந்த பாக்கியம் அக்கா. அதே தெருதான், அக்காவுக்கு இது மூன்றாவது பிள்ளை, ஊசி போடும்போது அவள் பிள்ளையைப் பார்க்காமல் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். கனிக்கு அந்தக் கொட்டாவி மேல் அப்படியொரு பொறாமை. "ஒண்ணுமில்லக்கா, ஒரு சிநேகிதி போன் பண்ணுவா, ஒரு புத்தகத்தப் பத்தி." "என்ன புத்தகம், பரீட்சை எழுதுதியா?" "இல்லக்கா, கதை. ஒருத்தி உடும்பு மேல ஏறிக் கோட்டைச் சுவரெல்லாம் தாண்டுவா." "உடும்பு மேலயா" என்று அக்கா யோசித்தாள், "எங்கய்யா அதக் கண்டா குழம்புல்லா வைக்கச் சொல்லுவாவ. பெறவு?" "பெறவு என்ன, அஞ்சாவது புத்தகத்துல அவ பிள்ளைக்குக் காய்ச்ச. சண்டைக்குப் போகாம முந்நூறு பக்கமும் பிள்ளை பக்கத்துலயே உக்காந்திருக்கா. எனக்குப் புடிக்கல." பாக்கியம் அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "காய்ச்சக்காரப் பிள்ளையப் போட்டுட்டு உடும்பு மேலயா ஏறுவா, கூறுகெட்டவளா அவ?" என்று சொல்லிவிட்டுத் தன் பிள்ளையின் காலைப் பிடித்து நீவினாள். அந்தப் பக்கமிருந்து நர்சம்மா, "ஊசி போட்ட எடத்தத் தேய்க்காதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்லுதேன்" என்று அதட்ட, "தேய்க்கலம்மா, கொசு" என்றாள் அக்கா அசராமல்.

இதுதான். இந்தக் கேள்விக்குத்தான் பதில் கிடையாது. ஏறுவாளா, ஏற மாட்டாள்தான். நானும் ஏற மாட்டேன், இதோ உட்கார்ந்திருக்கிறேனே. ஆனால் அவள் கொற்றி இல்லையா, அவளை எழுதினவர் ஒருவர் இருக்கிறார் இல்லையா, அவர் நினைத்தால் காய்ச்சலை இருபதாம் பக்கத்தில் இறக்கியிருக்கலாமே, பாக்கியம் அக்கா மாதிரி ஒருத்தியிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் போய்விட்டு வா என்று சொல்ல அந்தத் தேசத்தில் ஒரு நாதி இல்லையா. குழுவில் இதைச் சொல்லலாம் என்று பார்த்தால் எந்த வரிசையில் போய் நிற்பது என்று தெரியவில்லை. பிடிக்கவில்லை என்கிற வரிசைக்குத் தலைவர் சிவஞானம் சார், தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டுத்தான் எழுதுவார். ஒன்று, ஆசிரியருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. இரண்டு, போர்க்கதை என்று வாங்கியவனுக்குப் பிள்ளைப்பேற்று சமாச்சாரம் எதற்கு. மூன்று, இதைப் பெண்கள் பத்திரிகையில் தொடராகப் போட்டிருக்கலாம். அவருக்கு வால் பிடித்து அதியன் என்கிற காலேஜ் பையன் ஒரு கணக்கு போட்டிருந்தான், முதல் பாகத்தில் பதினோரு சண்டை, இரண்டில் ஒன்பது, ஐந்தில் ஒன்றரை, அதில் ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம். கணக்கைப் பார்த்துக் கனிக்குச் சிரிப்பு வந்தது உண்மை, ஆனால் அந்தப் பிள்ளைப்பேற்று சமாச்சாரம் என்ற சொல் முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கிறது. நான் வெறுக்கிறதும் அவர் வெறுக்கிறதும் ஒரே புத்தகம், ஆனால் ஒரே வெறுப்பு இல்லை. சரி, பிடித்திருக்கிறது என்கிற வரிசைக்குப் போனால் அங்கே மதுரையில் இருந்து தேன்மொழி டீச்சர். தாய்மையை அறியாதவர்கள் இந்தப் புத்தகத்தைத் தொட வேண்டாம் என்று எழுதியிருந்தார். தாய்மையை அறிந்தவள் மூன்றரை மாதமாக ஒழுங்காகத் தலை பின்னவில்லை டீச்சர், அவள் தொட்டுவிட்டுத் தூக்கிப் போட்டுவிட்டாள், இப்போது என்ன சொல்வீர்கள். இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு பெஞ்சு போட்டு ஒருத்தி மட்டும் உட்கார்ந்தால் அவளுக்குப் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். நாலு தடவை தட்டச்சு செய்து நாலு தடவையும் அழித்திருக்கிறாள். நாலாவது தடவை எழுதியது இன்னும் ஞாபகமிருக்கிறது, எல்லாருக்கும் வணக்கம், எனக்கு இந்தப் புத்தகம் பிடிக்கவில்லை, ஆனால் சார் சொல்கிற காரணத்துக்காக இல்லை. அதற்கு மேல் காரணம் எழுத வரவில்லை. பால் கக்கிவிட்டாள் பிள்ளை, கனி துணி எடுக்கப் போய்விட்டாள்.

பதினொன்று ஐம்பத்தொன்று. இந்தக் கடிகாரத்துக்கு மின்கலம் போட்ட புண்ணியவான் யார், நொடிமுள் ஒவ்வொரு எட்டுக்கும் நின்று யோசித்துவிட்டுத்தான் வைக்கிறது. கனி போனை எடுத்துக் கடிதத்தை மறுபடி படித்தாள், நேற்றிலிருந்து இது எட்டாவது தடவை. ஆறாம் பாகத்தின் கடைசியில் ஐந்து வாசகர் கடிதம் அச்சிடப்போகிறார்களாம், இன்றைக்கு அனுப்பக் கடைசி நாளாம், ஜெபா விடுதிக் கட்டிலில் குப்புறப் படுத்து எழுதினாளாம். நடுப்பத்தி கனியைப் பற்றியது. 'என் தோழி சண்முகக்கனி மூன்றரை மாதக் குழந்தைக்குத் தாய். உள்ளறையைப் படித்து முடித்த அன்று அவள் அழுதாள். கொற்றி மகளின் மூச்சைப் பார்க்கும் இடத்தில் தன்னையே பார்த்ததாகச் சொன்னாள். நான் எங்கோ தூரத்தில் இருக்கிறேன், அவள் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது, ஐயா, உங்கள் புத்தகம்தான் எனக்கு அவளைக் காட்டியது. அவள் சார்பிலும் நன்றி.' உள்ளறை, அதுதான் ஐந்தாம் பாகத்தின் பெயர், பெயரைப் பார்த்த அன்றே உஷாராகியிருக்க வேண்டும். தாய் என்பது உண்மை. படித்து முடித்தாள் என்பது பொய். அழுதாள் என்பது பாதி உண்மை, அழுதாள்தான், ஆனால் நூற்று நாற்பதாம் பக்கத்தில், காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நம்பித் திருப்பினால் மறுபக்கம் திரும்ப ஏறியிருந்தது, இன்னும் இருநூறு பக்கம் மிச்சமிருந்தது, அதற்குத்தான் அழுதாள், பக்கத்து வீட்டில் கல்யாணப் பாட்டு போட்டிருந்தார்கள், அதற்கும் சேர்த்து. தன்னையே பார்த்ததாகச் சொன்னாள், அது கனி சொன்னதே இல்லை, ஜெபா லேபிளில் எழுதியது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, மூடின வேகத்தில் பின்னட்டையைத் திறந்து, நகத்தால் அந்தச் சிவப்புப் பொட்டைக் கிளப்பிப் பார்த்தாளே, அதில் இருந்தது. 'கனி, இது உன் புத்தகம். நீ எப்படி இருக்கேன்னு இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது.' மற்ற லேபிளில் எல்லாம் புத்தகத்தைப் பற்றி இருக்கும். இதில் புத்தகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ராஜா செத்தது நல்லதா கெட்டதா என்று சண்டை போடலாம், நான் எப்படி இருக்கிறேன் என்று உனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சண்டை போடுவது. அன்று சாயங்காலம் ஜெபா, படிச்சிட்டியா என்று கேட்டதற்கு, படிச்சிட்டேன்ட்டி, அழுதுட்டேன், நீ என்ன நினைச்சியோ அதேதான் என்று ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஊறப் போட்ட உளுந்தை அரைக்கப் போனாள். ஜெபா ஏழு நிமிஷத்துக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தாள், மூக்கை உறிஞ்சுகிற சத்தத்தோடு. கிரைண்டர் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

இருநூற்றுப் பன்னிரண்டு. அங்கே போனால் நினைப்பு நின்றுவிடுகிறது, வண்டிச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினது மாதிரி. சலிப்பாக இருந்தது, அதனால் மூடினேன் என்று தனக்குத்தானே பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சலிப்பு இல்லாமல் இல்லை. ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டில் என்ன இருந்தது, கொற்றி வெளியே என்ன சத்தம் என்று பார்க்க ஜன்னலுக்குப் போகிறாள், முதல் தடவையாக எழுந்து போகிறாள், போ போ என்று கனியே தள்ளினாள், திரும்பி வந்து பிள்ளையின் நெற்றியில் கையை வைக்கிறாள், அத்தியாயம் முடிந்தது. சூடா, குளிர்ச்சியா, ஒன்றும் சொல்லவில்லை. அந்த வெள்ளைத் தாளுக்கு அந்தப் பக்கம் போகக் கனிக்குக் கை வரவில்லை. போனவள் அவள், தள்ளினவள் நான். குழுவில் முடிவு என்ற சொல்லைக் கண்டாலே விரலை வேகமாகத் தள்ளி அடுத்ததுக்குப் போய்விடுகிறாள், அந்தப் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று இன்றைய தேதிவரை அவளுக்குத் தெரியாது. இது பயம் என்று சொல்லிவிட்டால் பிறகு புத்தகம் நன்றாக எழுதியிருக்கிறது என்றுதானே ஆகும். ஆகட்டும், நன்றாக எழுதினால் பிடிக்க வேண்டும் என்று சட்டமா. ஊசி நன்றாகத்தான் போட்டார் நர்சம்மா, இவள் கையைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னாளா, வீறிட்டு அழுதாள். கனி குனிந்து பிள்ளையின் நெற்றியில் உதட்டை வைத்தாள். இளஞ்சூடு. தூங்குகிற பிள்ளையின் சூடா, வேறு சூடா. கையின் பின்பக்கத்தால் தொட்டாள், கழுத்தில் தொட்டாள், தன் கழுத்தில் தொட்டுப் பார்த்தாள். "பாக்கியம் அக்கா, இதத் தொட்டுப் பாருங்களேன்." அக்கா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, "வரும், சாயந்திரமாத்தான் வரும், வந்தா மருந்தக் குடு, வராட்டி சந்தோசம். இப்பவே தேடிக்கிட்டு இருக்காத" என்றாள்.

போன் அதிர்ந்தது. பன்னிரண்டு மணி மூன்று நிமிடம்.

"ஏட்டி, வரிசையில நிக்கேன், சீக்கிரம் சொல்லு. அனுப்பிரட்டுமா?" அந்தப் பக்கம் தட்டுகளின் சத்தம், நூறு பேர் பேசுகிற இரைச்சல். "நம்ம பேரு புத்தகத்துல வரும்ட்டி. சொன்னா நீ நம்பமாட்டே, எங்க ரூம்ல எல்லாத்துக்கும் படிச்சுக் காட்டுனேன், ஒருத்தி அழுதுட்டா."

"ஜெபா."

"என்ன, பேர்ல இனிஷியல் வேணுமா?"

"அனுப்பாதட்டி."

மடியில் பிள்ளை அசைந்தாள், கனி தட்டிக்கொடுத்தாள். "நான் முழுசாப் படிக்கல. இருநூத்திப் பன்னெண்டுல நிப்பாட்டிட்டேன். உன் லேபிளப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் உன்ட்ட அப்படிச் சொன்னேன். எனக்கு அந்தப் புத்தகம் புடிக்கல. சிவஞானம் சார் சொல்லுத மாதிரி இல்ல, அவரு கெடக்காரு. அந்த ரூமுக்குள்ள நான் ஏற்கனவே இருக்கேன்ட்டி. அவளும் வந்து உக்காந்துட்டா, வெளிய யாருமே இல்ல."

"பொட்டப் பிரிச்சியா" என்றாள் ஜெபா. சத்தம் மாறிவிட்டது. தள்ளி எங்கோ வந்துவிட்டாள் போலிருக்கிறது, தட்டுச் சத்தம் குறைந்திருந்தது.

"பிரிச்சேன்."

"அழுதேன்னு சொன்னது?"

"அழுதேன். ஆனா நீ நினைச்சதுக்கு இல்ல."

"அப்ப நான் எதப் புரிஞ்சுக்கிட்டேன்? மூணு நாளு அதையே நினைச்சுக்கிட்டு வேலை பாத்தேன். லைன்ல நின்னுக்கிட்டு, கனி இப்படித்தான் இருப்பா, இந்நேரம் துணியப் பிழிஞ்சுக்கிட்டு இருப்பான்னு. சூப்பர்வைசர்ட்ட ஏச்சு வாங்குனேன். அதெல்லாம் யாரு, அந்த உடும்புக்காரியா?" கோபம்தான், ஆனால் நடுவில் ஓர் இடத்தில் குரல் வழுக்கியது. "நீ ஒரு தடவை சொல்லியிருந்தா நான் ஏம்ட்டி புத்தகத்துல போய்த் தேடுதேன். எப்பக் கேட்டாலும், நல்லாருக்கேன், பாப்பா நல்லாருக்கா, சாப்டியா. ஆஸ்பத்திரிச் சீட்டுல எழுதுன மாதிரி. பிள்ளை பொறந்ததுலேர்ந்து நீ என்ட்ட வேற ஒரு வார்த்தை பேசியிருக்கியா?"

கனி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். நல்லாத்தான்ட்டி இருக்கேன் என்று வந்தது நாக்கு வரைக்கும், அதுவும் அந்தச் சிரிப்போடு சேர்ந்தே வந்தது, எப்போதும் தயாராக வைத்திருக்கிற சிரிப்பு, ஆள் வந்தால் நீட்டுகிற சொம்புத் தண்ணீர் மாதிரி. அதை விழுங்கினாள். நர்சம்மா மேஜையிலிருந்து எழுந்து, "பதினொன்னு நாப்பதுக்குப் போட்டவங்க, தடிப்பு ஒண்ணும் இல்லல்லா, கெளம்பலாம்" என்றார். பாக்கியம் அக்கா ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் பையுமாக எழுந்து, வாரியா என்று கண்ணால் கேட்டாள். கனி, நீங்க போங்க என்று தலையசைத்தாள்.

"லெட்டர அனுப்பல" என்றாள் ஜெபா. "கோவம் எனக்குப் போகல. இன்னும் இருபத்தஞ்சு நிமிசம் இருக்கு. சோறு வாங்கிட்டேன். நான் திங்கேன், நீ சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"நேத்து. நேத்து என்ன செஞ்ச?"

நேற்று. துணி துவைத்தாள், மாவு கரைத்தாள், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்தாள், அதெல்லாம் நேற்று இல்லை, அது எல்லா நாளும். கனி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள், குரலைத் தாழ்த்தினாள். "நேத்து காலைல பதினோரு மணி இருக்கும். பாப்பா தூங்கிட்டா. அத்தை பக்கத்துல படுத்திருந்தாவ. நான் குப்பையக் கொட்டிட்டு வரலாம்னு ரோட்டுக்குப் போனேன். நம்ம வீட்டு முன்னாலதான பஸ் நிக்கும்."

"ம்."

"பஸ் வந்துச்சு. நின்னுச்சு. நான் கையக் காட்டவே இல்ல, கையில குப்பக் கூடைதான் இருந்துச்சு. கண்டக்டர் எட்டிப் பாத்து, ஏறுதியாம்மான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொல்லணும்லா. சொல்லத்தான் செஞ்சேன். ஆனா ரொம்ப நேரம் ஆயிருச்சுட்டி. உள்ள இருந்தவங்க எல்லாம் என்னையே பாக்காங்க. டிரைவர் ஆரன் அடிக்காரு. நான் அந்தப் படியையே பாத்துக்கிட்டு நிக்கேன்."

"எங்க போற பஸ்?"

"தெரியல" என்றாள் கனி. "போர்டப் பாக்கல. காலுல செருப்புகூட இல்ல."